அசையாமல் படுத்திருக்கும் வேலை

மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால்தான் வம்பு, அடக்கிய மூச்சு வெளியே வரும்போது இரண்டு மடங்காக வரும், விலா எழும், திரையில் அந்தக் கோடு குதிக்கும், அதனால் விடு, தானாக வந்து தானாகப் போகட்டும்... ஆனால் மூச்சைப் பற்றி நினைக்கத் தொடங்கியவனுக்கு அது எங்கே தானாக வரும், பிறந்ததிலிருந்து யாரையும் கேட்காமல் வந்துபோய்க் கொண்டிருந்தது இப்போது ஒவ்வொரு முறையும் வரட்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அவன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். இரவல் வாங்கிவந்த ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரு சக்கரம் தரையில் படாது, அதன் அடியில் அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார்கள். மெத்தைக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் தங்கை செய்த விரிப்பு. இந்தக் காலேஜ் போட்டி அரங்கில் அவனுக்கு ஒரே வேலைதான், அசையாமல் படுத்திருப்பது. தானாகத் திரும்பிப் படுக்க முடியாத நோயாளி ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகும், அப்படிக் கிடப்பதை விரிப்பு கண்டுபிடித்து அலாரம் அடிக்கும், வீட்டில் இருப்பவர்கள் வந்து புரட்டிப் போடலாம். நிஜத்தில் அதற்கு மணிக்கணக்கு ஆகும், இங்கே நடுவர்களுக்காக அதை ஒரு நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்துவிடலாம். பல்லையும் கடிக்கக் கூடாது, தாடை இறுகினால் அதுவும் கோட்டில் விழும் என்று கண்ணாடிக்காரன் எச்சரித்திருக்கிறான். கண்ணாடிக்காரன் தங்கையோடு படிக்கிறவன், விரிப்புக்குள் இருக்கும் கணக்கெல்லாம் அவன் எழுதியது, இப்போது தலைமாட்டில் லேப்டாப்போடு நிற்கிறான், அவனுடைய மூச்சுதான் இங்கே எல்லோருடையதையும்விடப் பலமாகக் கேட்கிறது.

ஒத்திகை பார்த்த நாட்களில் இந்தத் தொல்லையே இல்லையே. குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி இறக்கி ஏற்றிவிட்டு, விரலில் உணர்ச்சி திரும்பாத நேரத்தில் பஸ் பிடித்து, நேராக இவர்கள் காலேஜ் லேபுக்கு வருவான், ஷூவைக் கழற்றுவான், மேஜை மேல் போட்டிருக்கும் மெத்தையில் சாய்வான், அவ்வளவுதான் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த ஞாபகம் தங்கை தோளை உலுக்கி, போதும்ண்ணா, எந்திரி, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்பது. நடுவில் அலாரம் அடித்திருக்கும், இவர்கள் கைதட்டியிருப்பார்கள், வயரைப் பிடுங்கி மாட்டி மறுபடி அடிக்க வைத்திருப்பார்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது. லேபில் அவனுக்குக் கட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டை அண்ணா வந்தாச்சு, ஆரம்பிக்கலாம். டேய், கட்டைக்கு மூச்சு இருக்கா, மூக்குல கை வெச்சுப் பாரு. அவன் காதுபடவே சொல்வார்கள், அவனுக்குக் கோபம் வந்ததில்லை, தூங்குவதற்கு ஒருவன் பேர் வாங்குவதும் ஒரு பேர்தான், கிடங்கில் அதுகூடக் கிடையாது. அந்தக் கட்டைத் தூக்கத்தைத்தான் கண்ணாடிக்காரன் அளந்து எடுத்துக்கொண்டான். இந்த அளவுக்குக் கீழே போனால் அசைவில்லை என்று அர்த்தம் என்று திரையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தான், விரிப்புக்கு அசையாமை என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்ததே இவன் முதுகுதான். பிறகு ஒருநாள் அவர்களுடைய கைடு மேடம் வந்து பார்த்தார். எல்லாம் நல்லா இருக்கு, ஆனா இவர் ஏன் இப்படி குறட்டை விடறாரு, சட்டையெல்லாம் ஒரு மாதிரி வாடை வருது, நடுவருங்க முன்னாடி இப்படியா வந்து படுப்பாரு, ரெண்டு நாள் லீவு போட்டு நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நியாயமான பேச்சு. லீவு போட்டான். தூங்கித் தீர்த்தான். ஷேவ் செய்து, தங்கை இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில், பகல் வேளையில் மூளை இவ்வளவு பளிச்சென்று இருந்து எத்தனை காலமாயிற்று என்று தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்து படுத்தான். படுத்த பிறகுதான் தெரிந்தது. தூக்கம் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

தங்கை பேசிக்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கம் இல்லை, நன்றாகவே பேசுகிறாள், எங்கே கற்றுக்கொண்டாள் இந்தப் பேச்சை, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால்கூடக் கையை நீட்டிக் காட்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். இந்தச் சின்னக் கருவிகள் உடம்போட மிக நுட்பமான அசைவையும் பதிவு செய்யும் என்கிறாள். செய்கிறது தாயே, அதுதான் பிரச்சனை. நடுவர்கள் மூன்று பேர். கண்ணை மூடுவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்து ஸ்டாலில் நிற்பதைப் பார்த்திருந்தான், டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவர், ஃபோனை விட்டுக் கண் எடுக்காத இளைஞர் ஒருவர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மா ஒருவர். பக்கத்து ஸ்டாலில் குப்பையைப் பிரிக்கும் எந்திரம் வைத்திருக்கிறார்கள், பாட்டிலைப் போட்டால் நன்றி என்று சொல்கிறது, பேப்பரைப் போட்டாலும் நன்றி, யாராவது ஓரமாக நடந்து போனால்கூடச் சில சமயம் நன்றி. அதன் நன்றி தாங்காமல்தான் தலைவலிக்கும்போல இருக்கிறது. டை கட்டியவரைத்தான் பிடிக்க வேண்டும் என்று தங்கை முந்தாநாள் சொன்னாள். முதல் பரிசு என்றால் கோப்பையும் போட்டோவும் மட்டும் இல்லை, அவருடைய கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு இடம், சம்பளத்தோடு, தங்குவதற்கு அறையோடு, வேறு ஊரில். அவள் அதைச் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், பிசைவது நிற்கவில்லை, வாய்க்கும் போகவில்லை. கிடைச்சா போவியா என்று கேட்டான். கிடைக்கட்டும் பார்க்கலாம் என்றாள். போகிறேன் என்பதற்கு அவள் வைத்திருக்கும் சொல் அது.

போனால்? ராத்திரியில் அம்மாவைப் புரட்டுவது அவள், பகலில் புரட்டுவது இவன். இதுதான் வீட்டு ஏற்பாடு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, அவன் உள்ளே வரும்போது தங்கை செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள், அவள் உள்ளே வரும்போது அவன் மாட்டிக்கொண்டிருப்பான், வாசல்படிதான் அவர்கள் பேசிக்கொள்ளும் இடம். லேபுக்குப் போன நாட்களைப்போலவே இன்றைக்கும் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு இருக்கிறாள். குடும்பத்துக்காகப் படிப்பை விட்ட பிள்ளை என்று அந்த அக்கா இவனைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சும்மா. அம்மா விழுவதற்கு முன்னாலேயே அவன் காலேஜுக்குப் போவதை நிறுத்தியிருந்தான், வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, எழுந்து வந்துவிட்டான், அவ்வளவுதான் விஷயம், அம்மா விழுந்ததும் அதற்கு ஒரு மரியாதையான காரணம் கிடைத்தது, அவனும் மறுத்துச் சொல்லவில்லை. சரி, தங்கை போய்விட்டால் ராத்திரியில் யார்? இந்த விரிப்பு இருக்குல்லண்ணா, என்றாள் அவள். இது சத்தம் போடும். போடும், போட்டு? கிடங்கில் நிற்கிறவன் காதில் விழுமா, பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவானா... அதைக் கேட்கவில்லை அவன். கேட்டிருந்தால் அவள் மறுபடி சோற்றைப் பிசைந்திருப்பாள். அலாரம் அடித்தால் அவள் போய்விடுவாள், அடிக்காவிட்டால் இருப்பாள், ஆனால் இருக்கிறவள் எந்த முகத்தோடு இருப்பாள், வாசல்படியில் தினமும் அந்த முகத்தைத் தாண்டிக்கொண்டுதான் இவன் வேலைக்குப் போக வேண்டும். அடிக்கட்டும். அடித்துத் தொலையட்டும். எப்படியும் அடிக்க வைப்பது அவன் வேலை, ஒப்புக்கொண்ட வேலை.

ஒரு நிமிடம் எப்போதோ ஆகியிருக்க வேண்டும். தங்கை, இப்போ நோயாளி அசையாம இருக்கறத நீங்க பார்க்கலாம் என்று சொல்லி நிறுத்தினாள். அது பழகிய இடம், அந்த நிறுத்தத்தில்தான் அலாரம் வந்து விழ வேண்டும், லேபில் அச்சு அசலாக விழும். இங்கே விழுந்தது குப்பை எந்திரத்தின் நன்றி. தங்கை சிரித்தாள், அது சிரிப்பு இல்லை என்று அவனுக்குத் தெரியும். போஸ்டர் பக்கம் போய் ஏற்கெனவே சொன்ன படத்தையே வேறு வார்த்தையில் சொல்லத் தொடங்கினாள். அவன் இதயம் முதுகு வழியாக மெத்தையைக் குத்தியது. சும்மா இரு. சும்மா இரு என்றால் எந்த இதயம் கேட்கும், ஒவ்வொரு இடியும் விரிப்பில் இறங்கி, வயர் வழியாக ஓடி, திரையில் ஒரு மேடாக எழும்புவதைக் கண்ணை மூடிக்கொண்டே அவனால் பார்க்க முடிந்தது. காலைத் தளர்த்தினான், தளர்த்தியதே ஒரு அசைவு. எச்சில் ஊறியது. விழுங்கக் கூடாது என்று நினைத்ததும் வாய் நிறைய ஊறியது, விழுங்கினான், குரல்வளை ஏறி இறங்கியது, போச்சு, மறுபடி முதலிலிருந்து. தலைமாட்டிலிருந்து காற்று மாதிரி ஒரு குரல். அண்ணா... தூங்குங்கண்ணா. கண்ணாடிக்காரன். உதடு அசையாமல் பேசுகிறான்போல. கோடு இறங்கவே மாட்டேங்குதுண்ணா, ப்ளீஸ்ண்ணா, கொஞ்சம் தூங்குங்க. கன்னத்தில் ஒன்று விடலாம் என்று வந்தது. தூங்கு என்று சொன்னால் தூங்க இவன் என்ன விளக்கா, அணைத்தால் அணைவதற்கு? கிடங்கில் பெட்டிக்கு நடுவில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறான், பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறான், ஒருமுறை பல் டாக்டர் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே தூங்கியிருக்கிறான். தூங்கக் கூடாத இடத்திலெல்லாம் மேலே வந்து விழுந்த தூக்கம், வாழ்க்கையில் முதல்முறையாகத் தூங்குவதற்கென்றே கூப்பிட்டு வந்து படுக்க வைத்தால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியை எண்ணலாம். கிடங்கில் தூக்கம் வராமல் இருக்கப் பெட்டியை எண்ணுவான், இங்கே தூக்கம் வர எண்ணிப் பார்க்கலாம்... நீலப் பெட்டி, நீலப் பெட்டி, வெள்ளை, தரையில் உருகி ஓடும் தண்ணீர், சூப்பர்வைசர் விசில், இந்த லீவு போட்டதற்குத் திரும்பிப் போகும்போது என்ன சொல்லப் போகிறானோ, தங்கச்சி காலேஜ்ல போட்டி சார் என்று சொன்னதற்கு, நீயா ஓடப் போற என்று கேட்டான். இல்ல சார், படுக்கப் போறேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது நினைத்ததும் வாய் ஓரம் இழுத்தது, ஐயோ, சிரிக்காதே, உதட்டை இறுக்காதே, எதையும் செய்யாதே... அப்போதுதான் தொண்டைக்குள் அது தொடங்கியது. முதலில் ஒரு மயிரிழை. தலையணை உறையின் தூசியோ, கட்டிலின் மருந்து வாடையோ, உள்நாக்குக்குக் கீழே யாரோ இறகால் தடவுவதுபோல. இருமக் கூடாது. தங்கை, பொதுவா இது உடனே அடிச்சிடும் சார், இங்க கூட்டம் அதிகமா இருக்கறதால தரை அதிருதுன்னு நினைக்கிறேன் என்கிறாள். டை கட்டியவர், எடுத்துக்கோங்கம்மா, டைம் இருக்கு என்கிறார், அந்தக் குரலில் டைம் இல்லை. இறகு கயிறாகிவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குப் போகிறது, அது அசைவில் சேருமா, தெரியவில்லை. கொஞ்சம் பொறு. இன்னும் கொஞ்சம். இவள் எத்தனை நாள் இதற்காக...

இருமிவிட்டான். சாதாரண இருமல் இல்லை, உடம்பே பாதி எழுந்து உட்கார்ந்து, முழங்கால் மடங்கி, கட்டிலின் சக்கரத்துக்கடியில் செருகிய அட்டை பறந்து, கட்டில் ஒரு பக்கம் தடாலென்று சாய்ந்தது. சரியாக அந்த நொடியில் அலாரம் அடித்தது. கூவென்று, அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி அடித்தது. கண்ணாடிக்காரன் இனிப் பொறுக்க முடியாது என்று மேஜைக்கு அடியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கிவிட்டான், இவன் இருமப் போவது அவனுக்கு எப்படித் தெரியும், அலாரம் கைவிடும் கட்டம் வந்தால் அமுக்கு என்று அவர்களுக்குள் பேசி வைத்திருந்தது இவனுக்கு எப்படித் தெரியும். அசையாமல் கிடந்தவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்த எந்திரம், ஆள் துள்ளி எழுந்ததும் அசையவில்லை அசையவில்லை என்று கத்துகிறது. ஃபோன் இளைஞர்தான் முதலில் சிரித்தார், அவர் சிரித்ததும் பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது, யாரோ கைதட்டினார்கள், நோயாளி குணமாயிட்டாருடா என்று ஒரு குரல். அவன் மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். வேறு என்ன செய்வது? எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பதா, அவன் யார் இங்கே, பேச உரிமை இல்லாத ஒரே ஆள் அவன்தான், மெத்தையையும் தலையணையையும்போல அவனும் ஒரு சாமான். கண்ணாடிக்காரன் அலாரத்தை நிறுத்தத் தடவிக்கொண்டிருந்தான், அது நிற்பதற்குள் கூட்டம் சிரித்து முடித்திருந்தது.

அந்த நரைமுடி அம்மா மட்டும் சிரிக்கவில்லைபோல. அவர் குரல் கட்டிலுக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் கேட்டது. அது யாரோ பட்டன அமுக்கினதும்மா, நான் பார்த்தேன், அது போகட்டும். இவரு இவ்வளவு நேரம் நல்லாத்தானே படுத்திருந்தாரு, ஏன் அடிக்கல?  பழகும்போது அடிக்கும் மேடம் என்றாள் தங்கை. பழகும்போது இவரு எப்படி இருப்பாரு? தூங்கிடுவாரு மேடம், நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வருவாரு.  அந்த அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பும் சத்தம். அப்போ உங்க விரிப்பு அசைவப் பார்க்குதா, தூக்கத்தப் பார்க்குதா?  குப்பை எந்திரம் மட்டும் யாருக்கோ நன்றி சொன்னது. முழிச்சிருக்கற ஒருத்தர் திரும்ப முடியாம ஒரே பக்கமா கிடந்தா இதுக்குத் தெரியாது, இல்லையா, அவங்க மூச்சு விடறதையும் நெஞ்சு அடிக்கறதையும் வெச்சே இது நல்லா அசையறாங்கன்னு நினைச்சுக்கும். புண்ணு தூங்கறவங்களுக்கு மட்டுமா வருது? கோபமாகக் கேட்கவில்லை, அதட்டவும் இல்லை, கணக்கில் விடுபட்ட இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டுவதுபோலக் கேட்டார், அது அதட்டலைவிட மோசம். உண்மையான நோயாளி யார் மேலயாவது போட்டுப் பார்த்தீங்களா?

இல்லை என்று சொல்லிவிடு என்று அவன் நினைத்தான். இல்லை மேடம், அனுமதி கிடைக்கல, அடுத்த கட்டத்தில செய்வோம், இப்படி ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள். பார்த்தோம் மேடம் என்றாள் தங்கை. எங்க அம்மாவுக்கு. மூடிய கண்ணுக்குள் அவனுடைய விழி நின்றுவிட்டது. எப்போது? ஒரு வாரம் அவங்க மெத்தைக்கு அடியில வெச்சிருந்தோம் மேடம், பகல்ல, அண்ணன் தூங்கற நேரத்துல. அம்மா பகல் முழுக்கத் தூங்குவாங்க, சரியா வரும்னு நினைச்சோம். அரைமணி அசையலன்னாலே அடிக்கற மாதிரி வெச்சோம், ஒருதடவகூட அடிக்கல. கணக்கு எழுதின இவன், அது அம்மாவோட பாதி உடம்பு துடிக்கறதால வர்ற தப்பான சிக்னல், நோயாளியோட டேட்டா சரியில்லன்னு சொன்னான், அதனால அத எடுத்துட்டு அண்ணனோடத வெச்சு மாத்தி எழுதினோம்... பேசப் பேசவே அவள் குரல் மெதுவாகிக்கொண்டு வந்தது, படி இறங்குகிறவள் அடுத்த படி இருக்கிறதா என்று காலால் தேடுவதுபோல, கடைசியில் நின்றேவிட்டது. அந்த அம்மா, ம் என்றார்.  டை கட்டியவர், நல்ல முயற்சி, வாழ்த்துகள் என்றார். நல்ல முயற்சி என்றால் என்ன என்று இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். செருப்புச் சத்தங்கள் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தன.

அம்மா பகல் முழுக்கத் தூங்குவாங்க. அவன்தான் அதை எல்லோருக்கும் சொன்னவன். டாக்டரிடம் சொன்னான், நல்லா தூங்கறாங்க டாக்டர், டாக்டருக்கும் சந்தோஷம். கிடங்கில் சொல்வான், எங்க வீட்ல நைட் ஷிஃப்ட் எனக்கு, தூக்கமெல்லாம் எங்கம்மாவுக்கு. காலையில் உள்ளே போகும்போது கண் மூடியிருக்கும். துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்டும்போது பாதி திறக்கும், முடிந்ததும் மூடிவிடும். கீழே பாயை விரித்து அவன் சாய்வான், ஃபோனில் வைத்த அலாரம் அடிக்கும்போதெல்லாம் எழுந்து அவளைப் புரட்டிவிட்டு மறுபடி சாய்வான், ஒவ்வொரு முறையும் கண் மூடியேதான் இருக்கும், கொடுத்துவைத்தவள், என்னமாகத் தூங்குகிறாள் என்று பொறாமையாகக்கூட இருக்கும். விரிப்பு ஒருதடவைகூட அடிக்கவில்லையாம். ஒரு வாரம் முழுக்க. இவன் கீழே கட்டையாகக் கிடந்த ஒரு வாரம் முழுக்க, மேலே அந்தக் கோடு, முழித்திருப்பவளுடைய கோடுபோல, குதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. துடிப்பாகவும் இருக்கலாம், கண்ணாடிக்காரன் ஒன்றும் முட்டாள் இல்லை, பாதி உடம்பு துடிக்கத்தான் செய்யும்... அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் என்னவெல்லாம் பேசியிருக்கிறான்? கஞ்சி சிந்தியதற்குப் பேசியது. துணி மாற்றும்போது மூக்கைத் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தது. கூட வேலை செய்பவன் ஃபோனில் அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டதற்கு, பாயில் படுத்தபடியே, இருக்காங்கடா, இதுக்கு ஒரு முடிவு வந்தா அவங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது என்று சொன்னது. தூங்குகிறவளுக்குக் கேட்காது என்றுதானே சொன்னான். தூங்கவில்லை என்றால் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவன் தூங்கட்டும் என்றா, இல்லை அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றா... இரண்டில் எது என்று யாரிடம் கேட்பது, வாய் பேசாதவளிடம் போய், நீ தூங்கறியா நடிக்கறியா என்றா?

அவனை எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரன் அலாரத்தின் வயரைச் சுருட்டிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தான், தங்கை, பேசாத என்றாள். பிறகு அவள் நடந்து வந்தாள். அவளுடைய நடை அவனுக்குத் தெரியும், வாசல்படியில் தினமும் கேட்பது. கட்டிலின் தாழ்ந்த பக்கம் வந்து நின்றாள். இப்போது கண்ணைத் திறந்தால் அவள் முகம் நேரே இருக்கும். அதில் என்ன இருக்கும் என்று அவன் யோசித்துப் பார்த்தான், அழுகை என்றால் பரவாயில்லை, கோபம் என்றாலும் தாங்கிக்கொள்வான், அவளும் இந்நேரம் அம்மாவைப் பற்றி அதே கணக்கைப் போட்டு முடித்திருந்தால், இவன் பகலெல்லாம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்ற கேள்வி அந்த முகத்தில் இருந்தால்... அவன் திறக்கவில்லை. திறக்காமல் இருப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. இமை தானாக ஒட்டிக்கொண்டது, முகம் தானாகத் தளர்ந்தது, மூச்சுகூட இப்போது யாரையும் கேட்காமல் வந்து போனது. அண்ணா தூங்கிட்டாரா என்று கண்ணாடிக்காரன் கேட்டான், யாரிடம் கேட்பது என்று தெரியாத குரலில்.  லேப்டாப்பின் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, அதை அணைக்கவில்லை, விரிப்பின் வயரையும் இன்னும் பிடுங்கவில்லை, அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா இந்தப் பக்கமா, கோடு அங்கே குதித்துக்கொண்டிருந்தால் இவன் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தும் அவள் எதுவும் சொல்லாமல் நின்றால்... அவளுடைய கை அவன் மேல் போர்வையை இழுத்துவிட்டது. தூங்கட்டும் விடு, என்றாள்.